தண்ணி லாரியின் ஏழாவது பாட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு சி.டி. இருக்கிறது. அதன் மேல் எழுதியிருந்ததெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நடுவே ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரியும். உப்புக்காற்று தின்ற இடங்கள் அவை. மரக்காணத்துப் பக்கம் சில வருடம் இருந்த எந்தப் பொருளும் முழுசாகத் திரும்பி வராது. சைக்கிள், பூட்டு, தையல் மெஷின், மின்விசிறி என்று எல்லாவற்றிலும் உப்பு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கும். இந்த சி.டி.யிலும் எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பாட்டை எடுத்துக்கொண்டது என்பதில்தான் எனக்கு வருத்தம்.

சுனாமிக்கு அடுத்த மாதம், 2005 சனவரியில், எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்போது கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் பிரம்மதேசத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தேன். பி.ஏ. படித்தவள், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் நிவாரண வேலை செய்ய வந்த ஒரு அமைப்பு என்னைச் சேர்த்துக்கொண்டது. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கடல் ஏறி எல்லாக் கிணறும் கரித்துப் போயிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். டேங்க்கின் ரப்பர் ஓஸைப் பிடிப்பதும் சண்டையை விலக்குவதும் என் வேலை. லாரியை ஓட்டியவரைத்தான் நான் டிரைவர் அண்ணன் என்று கூப்பிட்டேன். இன்றுவரை அவரை வேறு எந்தப் பெயராலும் நினைத்துக்கொண்டதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். அதற்கு முன் அதே லாரியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். நிவாரணக்காரர்கள் அந்த லாரியை வாடகைக்கு எடுத்து, முதுகில் ஒரு டேங்க்கைப் பொருத்தி, கழுவித் துடைத்துத் தண்ணி லாரி ஆக்கிவிட்டார்கள். கழுவினாலும் உப்பு போகவில்லை. கதவைத் திறந்தால் கையில் துரு ஒட்டும். அவர் மனைவி, அலைக்குப் பல வருடம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. உப்பளத்தை ஒட்டிய கொட்டகையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு இருந்தார். அந்த வருடம் அந்தக் கடற்கரையில் துக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அலையில் யாரை இழந்தீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். டிரைவர் அண்ணன் அலையில் யாரையும் இழக்கவில்லை. நானும் இழக்கவில்லை. எங்கள் இருவருடைய தனிமைக்கும் நிவாரணப் பட்டியலில் இடம் கிடையாது. அதை நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

லாரியின் தலையில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வந்திருக்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டியது. முதல் நாள் டிரைவர் அண்ணன் மைக்கை எடுத்துத் தொண்டையைச் செருமி, "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரே மேற்கே ஓடியது. அந்த நாட்களில் மறுபடி அலை வருகிறது என்று இரண்டு மூன்று முறை ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு ஜீப்புகள் வந்து போயிருந்தன. ஸ்பீக்கரில் மனிதக் குரல் கேட்டாலே ஓடுவதென்று அந்தச் சனத்தின் கால்கள் பழகிவிட்டிருந்தன. ஒரு கிழவர் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் அன்றோடு மைக்கைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். ஹாரன் அடித்துப் பார்த்தோம். அரிசி, பாய், பழைய துணி என்று நாள் முழுக்க வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் எது தண்ணீர் வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை.

சரி, பாட்டுப் போடலாம் என்றால் என்ன பாட்டைப் போடுவது? சாவு விழாத வீடே இல்லாத ஊரில் சினிமாப் பாட்டுப் போட்டால் செருப்பு பறக்கும். அம்மன் பாட்டுப் போட்டால் மாதா கோயில் தெரு முகம் சுளிக்கும். மாதா பாட்டுப் போட்டால் அந்தப் பக்கம். கல்யாண வீட்டில் கேட்ட பாட்டு, பிள்ளைக்குப் பிடித்த பாட்டு, புருசன் முனகிக்கொண்டே வலை பின்னிய பாட்டு என்று தமிழில் இருந்த அத்தனை பாட்டிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்கார இன்ஜினியர் வந்தார். போர் தண்ணீரைச் சோதிக்க வந்தவர். நெட்டையான ஆள். சிவந்த கழுத்து. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஏதோ கடலோர ஊர்க்காரர். எங்கள் லாரியில்தான் போய் வருவார். ஒருநாள் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து லாரியின் பிளேயரில் செருகினார். அவர் சொன்னதை நான்தான் டிரைவர் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் ஊரும் இப்படித்தான், வெயில், சேறு, கொசு, கோயில், சாராயம் என்றார். இது எந்த மாதிரிப் பாட்டு என்று கேட்டதற்கு, நாட்டுப்புறப் பாட்டுக்காரனும் ராக் பாட்டுக்காரனும் வாடகை குறையும் என்று ஒரே வீட்டில் குடியிருந்தால் வரும் பாட்டு என்றார். டிரைவர் அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பாடினவன் குரல் அப்படியொன்றும் நல்ல குரல் இல்லை. ராத்திரியெல்லாம் பீடி பிடித்துவிட்டுக் காலையில் பேச வந்தவன் குரல். ஒரு கிதார் அழாமல் நேராகப் போகும். இன்னொரு கிதாரின் கம்பி மேல் எதையோ வைத்து இழுப்பார்கள் போல, அது வழுக்கிக்கொண்டே போய்க் கேவும். டிரம் சத்தம் மட்டும் நல்ல ரோட்டில் லாரி போகிற மாதிரி சீராக இருக்கும். இங்கிலீஷ் தெரிந்த எனக்கே அவன் உச்சரிப்பில் வீடு, மழை, வண்டி என்று அங்கங்கே ஒரு சொல்தான் பிடிபட்டது. இன்ஜினியர் இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். சி.டி. போகவில்லை. பிளேயரின் வாய் துருப்பிடித்து இறுகி, உள்ளே போனதை வெளியே துப்ப மறுத்துவிட்டது. போடவும் நிறுத்திவைக்கவும்தான் பட்டன் வேலை செய்தது; பாட்டைத் தாவ முடியாது, வண்டியை அணைத்துப் போட்டால் மறுபடி முதல் பாட்டுதான். டிரைவர் அண்ணன் ஒயரை இழுத்துக் கூம்பு ஸ்பீக்கரில் கொடுத்தார்.

அந்தப் பாட்டுக்கு யாரும் ஓடவில்லை. கதவுகள் திறந்தன. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு குடத்தோடு வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியாத பாட்டு, யாரையும் ஞாபகப்படுத்தாத பாட்டு. இதைவிட அந்த ஊருக்கு அப்போது வேறென்ன வேண்டும்? பாட்டென்றால் மனசைத் தொட வேண்டும் என்கிறார்கள். அந்தப் பாட்டு யார் மனசையும் தொடாமல் தள்ளி நின்றது. எல்லாரும் வந்து தொட்டுவிட்டுப் போன மனசுகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

குப்பத்தில் ஏழு இடத்தில் லாரி நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாட்டு முழுசாக ஓடும். அதற்குள் குடங்கள் வரிசையாகிவிடும். பாட்டை நிறுத்திவைத்துவிட்டு வால்வைத் திறப்போம். அடுத்த இடத்தில் அடுத்த பாட்டு. கொஞ்ச நாளில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பாட்டு சொந்தமாகிவிட்டது. அரசமரத்தடிக்கு முதல் பாட்டு, மாதா கோயில் தெருவுக்கு மூன்றாவது, படகுத்துறைக்கு ஆறாவது. "ஏ, எங்க பாட்டு வந்துடுச்சுடீ" என்று குடத்தைத் தூக்குவார்கள். "உங்க பாட்டு இன்னா பாட்டு, ஒப்பாரி மாதிரி இருக்குது, எங்களுது எப்டி ஜோரா போவுது பாரு" என்று இரண்டாம் தெருவுக்காரிகள் மூன்றாம் தெருவை வம்புக்கு இழுப்பார்கள். பல மாதத்துக்குப் பிறகு அந்த ஊரில் கேட்ட முதல் வம்பு அது. ஏழாவது முடிந்தால் டேங்க் காலி. காலி லாரி பாட்டோடு போனால் குடத்தோடு ஓடிவருவார்கள் என்று அதோடு நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் சி.டி.யில் பாட்டு இருக்கிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஏழாவது இடம் பின்னால்தான் சேர்ந்தது, அதுவரை படகுத்துறையோடு திரும்பிவிடுவோம். அது சவுக்குத் தோப்பை ஒட்டிய தெரு. தெரு என்று சொல்வதுதான் மிச்சம். அலை மற்ற வீடுகளை வழித்துக்கொண்டு போய்விட, கடைசி வீடு மட்டும் நின்றது. அதில் ஒரு பெண் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். ஊரில் எல்லாரும் கடைசி வீட்டு அக்கா என்றார்கள். புருசனையும் மகளையும் ஒரே காலையில் அலைக்குக் கொடுத்தவர். முகாமுக்கும் போகவில்லை, சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. பகலில் வெளியே வருவதில்லை. படகுத்துறைப் பெண்கள்தான் ஒரு குடம் தண்ணீர் பிடித்து அவர் வாசலில் வைப்பார்கள். பல நாள் அது வைத்த இடத்திலேயே இருக்கும். சோறும் அப்படித்தான் என்றார்கள். இப்படியே விட்டால் அந்த உடம்பு வரப்போகிற மழைக்குத் தாங்காது என்று ஒரு பெண் என்னிடமே சொன்னார்.

ஒருநாள் லாரியைத் திருப்ப அந்தத் தெரு வரை போனோம். ஏழாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கூட்டமாக வாசிப்பது. அது மட்டும் ஒற்றைக் கிதாரும் அவன் குரலும். ரொம்ப மெதுவாகப் போகும். முடியப்போகிற நேரத்தில், அவனுக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வந்து சேர்ந்துகொள்ளும். அதுவரை அவன் தனியாள் என்றே நினைத்திருப்போம். கடைசி வீட்டின் கதவு திறந்தது. அக்கா வாசலில் வந்து நின்றார். பாட்டு முடிகிற வரை நின்றுவிட்டு உள்ளே போனார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் ஏழாவது பாட்டு அக்காவுடையது. வேறு ஆளே இல்லாத இடத்தில் டிரைவர் அண்ணன் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி முழுப் பாட்டையும் ஓடவிடுவார். ஆபீசில் ஒருவர், ஒரே வீட்டுக்காக எதற்கு டீசல், பக்கத்துக்காரர்கள்தான் தண்ணீர் வைக்கிறார்களே என்று கேட்டார். நான் வந்து சொன்னேன். டிரைவர் அண்ணன் கியரைப் போட்டுக்கொண்டே, "டீசல என் கூலியில புடிச்சிக்கச் சொல்லும்மா. அந்தப் பாட்டுக்குத்தான கதவு தெறக்குது" என்றார். எனக்கும் அதற்குள் அந்த ஆசை தொற்றிக்கொண்டுவிட்டது. அந்த அக்கா ஒருநாள் குடத்தோடு வெளியே வர வேண்டும், தன் தண்ணீரைத் தானே பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் இன்று வருவாரா என்றுதான் நினைப்பேன். என் வாழ்க்கையில் அப்போது எதிர்பார்க்க வேறு ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

ஐப்பசி மழை அந்த வருடம் கொட்டித் தீர்த்தது. உப்பளப் பாத்திகள் வரப்பு தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. குப்பத்துக்குப் போகும் வழியிலிருந்த சின்னப் பாலம் ஒருநாள் உடைந்துபோனது. தெற்கே சுற்றிக்கொண்டு சவுக்குத் தோப்பு வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. கடைசி வீடு அன்றைக்கு முதலாவது வீடாகிவிட்டது. டிரைவர் அண்ணன் தவித்துப்போனார். "மொத பாட்டு போட்டா அவங்க வர மாட்டாங்களேம்மா" என்றார். வேறு வழியில்லை. முதல் பாட்டு ஓடியதுதான் தாமதம், லாரி தப்பான பக்கமிருந்து வருகிறது, தங்கள் தெருவுக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று பயந்து அரசமரத்தடிப் பெண்கள் அத்தனை பேரும் மழையில் ஓடிவந்துவிட்டார்கள். கடைசி வீட்டு வாசலிலேயே குடமும் கூச்சலும். ஒருத்தி அந்த மூடிய கதவைப் பார்த்து, "பாவம், உள்ள இன்னா பண்ணுதோ" என்று உச்சுக் கொட்டினாள். கதவு திறக்கவே இல்லை.

ஒவ்வொரு தெருவாக முடித்து அரசமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அவர்கள்தான் ஏற்கெனவே பிடித்துவிட்டார்களே, அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. டேங்க்கின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். டிரைவர் அண்ணன் கேட்கவில்லை. ஏழாவது பாட்டைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. அந்தப் பெண்குரல் வந்து சேர்கிற நேரம், மணல் பக்கமிருந்து யாரோ வருவது தெரிந்தது. கடைசி வீட்டு அக்கா. இடுப்பில் ஒரு பச்சைக் குடம்.

இறங்கி ஓடினேன். ஓஸைக் குடத்தில் விட்டேன். பேசினால் போய்விடுவாரோ என்று பயம், பேசாமல் இருக்கவும் முடியவில்லை. "அக்கா, இந்தப் பாட்டு உங்களுக்கு அவ்ளோ புடிக்குமா?" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"பாட்டா?" என்றார். "இது ஓடுச்சுன்னா எல்லாரும் புடிச்சிக்கினு ஊட்டுக்குப் போயிருப்பாங்க. தெருவுல ஆள் இருக்காது. என்னப் பாத்து உச்சுக் கொட்ட யாரும் இருக்க மாட்டாங்க. அதான் வெளிய வந்து கொஞ்சம் நிப்பேன்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஒங்க ரெண்டு பேருக்கும் என்னத் தெரியாது. நீங்க இருந்தா பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிக்குள் ஏறியதும் டிரைவர் அண்ணன், "இன்னா சொன்னாங்க?" என்றார். ஸ்பீக்கர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. "பாட்டு நல்லா இருக்குதுன்னாங்கண்ணே" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாலம் சரியான பிறகு லாரி பழைய வழியில் போனது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏழாவது பாட்டுக்கு அக்கா குடத்தோடு வந்தார். மெல்ல மெல்ல, பாட்டு முடிந்த பிறகும் வாசலில் நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் படகுத்துறைப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்தேன்.

2006-இல் புதுக் காலனி கட்டி முடித்தார்கள். வாசலுக்கு ஒரு குழாய். கடைசி வீட்டு அக்காவும் மற்றவர்களோடு அங்கே போனார். தண்ணி லாரி நின்றது. லாரி மறுபடி உப்பு ஏற்றப் போனது. எனக்குத் திண்டிவனத்தில் வேறு வேலை கிடைத்து, ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அங்கேயேதான் இருக்கிறேன், அறைதான் மாறியிருக்கிறது.

சில வருடம் கழித்து மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். லாரியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகவும், மகளோடு இருக்கத் திருப்பூருக்கே போகப்போவதாகவும் சொன்னார். டீ குடித்தோம். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிளேயரை உடைத்து வெளியே எடுத்த சி.டி. "எங்கிட்ட இதப் போட ஒண்ணும் இல்ல. நீ வச்சிக்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா பாட்டுக்காக வரலன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்டிண்ணே?"

"கண்ணாடியில பாப்பேன்ல. பாட்டு கேக்கறவங்க வண்டியப் பாப்பாங்க. அவங்க தெருவத்தான் பாப்பாங்க, யாராச்சும் வர்றாங்களான்னு."

"அப்புறம் எதுக்குண்ணே தெனம் அந்தப் பாட்ட முழுசா ஓடவுட்டீங்க?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்காகத்தாம்மா. தனியா ஒக்காந்து கேட்டா அது தாங்கல. அந்தப் பொம்பள குரலு வர்ற நேரத்துல யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல நின்னா நல்லாருக்கும்னு இருக்கும். அவங்க நின்னாங்க. நீதான் ஓஸ சுத்தற வேலையில இருந்தியே" என்றார்.

ஓஸைச் சுற்ற அவ்வளவு நேரம் ஆகாது. அந்தக் குரல் வருகிற வரை நான் சுற்றியதையே மறுபடி பிரித்துச் சுற்றிக்கொண்டிருப்பேன். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் நின்றிருந்தேன், நடுவில் ஒரு டேங்க். பஸ் வந்துவிட்டது. போய்ட்டு வர்றேண்ணே என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டேன். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்த சி.டி.யைப் போடுவேன். முதல் ஆறு பாட்டும் கொஞ்சம் கரகரத்தாலும் ஓடிவிடும். ஒவ்வொன்றுக்கும் அதன் தெரு ஞாபகம் வரும். யாரையும் ஞாபகப்படுத்தாத பாட்டு என்று சொன்னேன் அல்லவா, எனக்கு இப்போது அப்படி இல்லை. ஏழாவது வந்ததும் ஒற்றைக் கிதார் தொடங்கும், அவன் இரண்டு வரி பாடுவான், பிறகு டிக் டிக் என்று அதே இடத்தில் நின்றுவிடும். உப்பு தின்ற இடம் அது. அந்தப் பெண்குரல் வருவதே இல்லை. நான் எழுந்து கதவைத் திறந்து வாசலில் போய் நிற்பேன். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். கடைசி வீட்டு அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.